மஞ்சள் துணி

மஞ்சள் துணி விழுந்ததை முதலில் பார்த்தவன் லெஸ்டர்தான்.

அமெரிக்கக் கால்பந்து மைதானமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. லெஸ்டரின் கல்லூரி அணிப் பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான். மேளமும் ஊதலும் காதைக் கிழித்தன. அதற்கெல்லாம் வெகு பின்னால், பந்து கிளம்பிய இடத்தில், நடுவர் எறிந்த துணி புல்லில் கிடந்தது.

அவர்கள் அணியிலேயே எவனோ எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எடுத்த புள்ளி போச்சு.

துணி கிடந்தது லெஸ்டருக்கும் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் ஆடுகிற தெவீட்டாவுக்கும் நடுவில்.

அவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தான் லெஸ்டர். அவனாகவே இருக்கட்டும் கர்த்தரே என்றும் சேர்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவன் இத்தனை உருக்கமாக வேண்டியதில்லை.

தெவீட்டா முதலாண்டுப் பையன். கதவு அகலத்துக்கு முதுகு. பந்து வீசுகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரியாது. வீசுகிறவன் முதுகைக் காக்கிற இடது ஓரம்தான், எதிராளிகளை மறிக்கிற தடுப்பு வரிசையில் ராஜ பதவி. போன வருடம் வரை அது லெஸ்டருடையது. இந்த ஆகஸ்ட்டில் பயிற்சியாளர் அவன் தோளைத் தட்டி, அதைத் தெவீட்டாவுக்கு விட்டுவிட்டு ஓர் இடம் உள்ளே தள்ளிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வயிற்றெரிச்சல். பையன் பக்கத்தில் வந்து நின்றாலே, "தள்ளி நில்லு" என்பான்.

இன்று லெஸ்டருக்கு இந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். பெரிய அணிகளுக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் தெவீட்டா மேல்தான் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

தடுக்கிறவன் பந்தைத் தொடுவதில்லை. அவன் பெயர் பேப்பரில் வராது. தப்பு செய்தால் மட்டும் ஒலிபெருக்கியில் அவன் எண் வரும். நான்கு வருடங்களில் லெஸ்டரின் எண் ஒரு தடவைகூட வந்ததில்லை. கண்ணாடி அறைக்குக் காட்ட அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

இப்போது பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது.

நடுவர் இடுப்பிலிருந்த மைக்கைத் தட்டினார். சட்டையைப் பிடித்த குற்றம் என்றார். பந்து வைத்திருந்த அணி என்றார்.

"எண் எழுபத்தொன்று."

லெஸ்டர் தெவீட்டாவின் முதுகைப் பார்த்தான். எழுபத்தாறு.

எழுபத்தொன்று அவனுடையது.

மைதானம் முழுக்க அவனைப் பார்த்து ஊளையிட்டது. நடுவருக்குக் கண் அவிந்துவிட்டதா என்று கேட்க வாயைத் திறந்தான். தான் மறிக்க வேண்டிய ஆளைத்தான் அவன் குப்புறத் தள்ளி மேலேயே விழுந்தானே. பிறகு எதற்குச் சட்டையைப் பிடிக்கப்போகிறான்?

தெவீட்டா பக்கத்தில் வந்தான். தலைக்கவசக் கம்பிகளுக்குள்ளிருந்து அவன் குரல் இறங்கியே வந்தது.

"அண்ணே, அது என் ஆளு. என்னத் தாண்டிப் போயிட்டான். நீதான் விழுந்த வாக்குல கைய நீட்டிப் புடிச்சே. இல்லன்னா வீசுறவன் முதுகு இன்னிக்கு ஒடஞ்சிருக்கும்."

லெஸ்டர் தன் இடது கையைப் பார்த்தான். விரல்களைச் சேர்த்துச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் எதிரணியின் சிவப்பு நூல் ஒன்று மாட்டியிருந்தது. பிய்த்தான். வரவில்லை.

பத்து கெஜம் பின்னால் போய் எல்லாரும் மறுபடி வரிசையில் குனிந்தார்கள். தெவீட்டா அரையடி நெருங்கியே நின்றான்.

வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தள்ளி நில்லு என்று மட்டும் லெஸ்டருக்குச் சொல்ல வரவில்லை.