சூடு தணிய

"மேடம், லேப்டாப் அடுப்பு மாதிரி கொதிக்குது. பத்து நிமிஷம் ஓடினா தானா அணைஞ்சுடுது. உள்ளே சூட்டை இழுத்து வெளியேத்துற ஹீட் சிங்க்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். நீங்கதான் வழி சொல்லணும்."

அழைப்பை எடுத்த உதவி மையத்துப் பெண் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வீட்டிலிருந்தபடியே அழைப்புகளை எடுப்பவள் அவள். காதில் ஹெட்செட், எதிரே கணினி, சாத்திய கதவு. பழைய லேப்டாப்களைச் செப்பனிட்டு விற்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் போன் எடுப்பவர்கள் இரண்டே பேர். வாடிக்கையாளர் போனை வைக்காமல் நாம் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"பக்கத்துல ரிப்பேர் கடை இல்லையா சார்?"

"இருக்கு. ஆனா உள்ளே என் ஆறு மாச உழைப்பு இருக்கு. சாயங்காலம் அனுப்பியாகணும். முன்னபின்ன தெரியாதவங்க கையில குடுக்க மனசு வரலை."

"நான் மட்டும் தெரிஞ்சவளா?"

"காலையிலேருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன். உங்க சகாதான் எடுத்தாரு. ஒவ்வொரு தடவையும் வச்சுட்டேன். உங்க குரலைக் கேட்டதும்தான் தைரியம் வந்துச்சு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இனி வேலை. வேலையில் அவள் குரல் தடுமாறியதே இல்லை.

"சரி சார். சார்ஜரைப் பிடுங்கிட்டீங்களா? ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுங்க. உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கட்டும். அது பாய்ஞ்சா உங்களுக்குத் தெரியாது, லேப்டாப்புக்கு உயிர் போயிடும்."

"தொட்டாச்சு. பின்மூடியும் கழட்டியாச்சு."

"பேட்டரி வயரைப் பிரிங்க. வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, முனையைப் பிடிங்க. அப்புறம் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தினா மிச்சம் மீதி கரண்ட்டும் போயிடும். வாட்ச், மோதிரம் ஏதாவது போட்டிருந்தா கழட்டிடுங்க."

"வாட்சைக் கழட்டிட்டேன். மோதிரம் கழட்டக் கூடாத மோதிரம் மேடம்."

அவள் தன் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டாள்.

"பேட்டரி பிரிச்சாச்சுல்ல. இருக்கட்டும்."

ஃபேன் வயரையும் பிரித்தாயிற்று. செம்புக் குழாயோடு ஒட்டிய ஹீட் சிங்க்கைச் சுற்றி, எண் போட்ட ஸ்க்ரூக்கள்.

"ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கவா?"

"கழட்டும்போது கடைசி நம்பர்லேருந்து வரணும். ஒண்ணையே முழுசாக் கழட்டாதீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. ஒரு பக்கமே பாரம் ஏறினா கீழே இருக்கிற சிப்புல விரிசல் விழுந்துடும்."

'டிங்' என்று ஏதோ தரையில் உருண்டது.

"ஐயோ!"

"பதறாதீங்க. வலது பக்க மேசைக்காலுக்குக் கீழே பாருங்க."

"கிடைச்சுடுச்சு! எப்படி மேடம்?"

"அனுபவம் சார்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்க்ரூ எல்லாம் வந்துடுச்சு, இது வர மாட்டேங்குது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பட்டுமா?"

"நெம்பாதீங்க!" என்று அதட்டியவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "சூட்டைக் கடத்துறதுக்கு நடுவுல பேஸ்ட் வச்சிருப்பாங்க. அது காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. நெம்பினா சிப்பையும் பேத்துக்கிட்டு வந்துடும். இன்னும் வெதுவெதுப்பாத்தானே இருக்கு? இடமும் வலமுமா மெதுவா அசைச்சுக் குடுங்க. தானா விடும்."

"விடலைன்னா?"

"விடும் சார். எவ்வளவு பிடிவாதமா ஒட்டிக்கிட்டிருந்தாலும், பொறுமையா அசைச்சா விடும். வெடுக்குனு பிடுங்கினாத்தான் உடையும்."

"பொறுமைதான் மேடம் நமக்குக் கிடையாது."

"தெரியுது. அசைங்க."

அசைத்தார். அவளும் காத்திருந்தாள்.

"வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு!"

அவர் போட்ட சத்தத்துக்கு ஹெட்செட்டே தேவைப்பட்டிருக்காது.

"எனக்குத் தெரியும், வரும்னு. இப்ப ஸ்பிரிட் தொட்ட துணியால ரெண்டு பக்கமும் பழைய பேஸ்ட்டைத் துடைங்க. ஃபேன்ல அடைஞ்ச தூசியையும் எடுங்க. புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு வச்சு, இப்ப ஒண்ணாம் நம்பர்லேருந்து மாட்டுங்க. அவ்வளவுதான்."

"பேஸ்ட் இல்லையே மேடம். பழசே போதாதா?"

"போதவே போதாது. புதுசு இல்லாம மாட்டினா மறுபடியும் கொதிக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி கம்பெனி கேக்கச் சொல்ற ஒரு கேள்வி. எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா?"

மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தழைந்து வந்தது.

"'நாள் முழுக்கப் போன்ல அரட்டை அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா'ன்னு போன வாரம் ஒரு முட்டாள் கேட்டான் மேடம். அந்தப் பேஸ்ட்டை அவன் வாயிலதான் அப்பணும்."

அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பிடலாம் சார். பேஸ்ட் என் டிராயர்லதான் இருக்கு."

பிறகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரமாகத் தான் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த, பக்கத்து அறையில் போனும் கையுமாக இருக்கும் கணவனுக்குக் கேட்கும்படி, சாத்திய கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "தாழ்ப்பாள் போடலை. உள்ளே வாங்க."