உள்ளே ஒரு 'உ'

கணக்கு டீச்சர் ஜெசிந்தா விலைக்கு வாங்கிப் பிரித்த பழைய மரவீடு லாரியில் வந்து இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. எந்த மரம் எங்கே சேரும் என்று தாணுவன் ஆசாரி சாக்பீஸால் போட்டிருந்த எண்களெல்லாம் கரைந்து ஓடிவிட்டன. மழை விட்டபோது முற்றத்தில் கிடந்தது வீடல்ல, விறகு.

"இனி தெய்வத்துக்குத்தான் தெரியும் டீச்சர்," என்று ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மழை பழைய அழுக்கையும் கழுவியிருந்தது. முன்பு தூணுக்குள் செருகியிருந்த ஓர் உத்தரத்தின் முனையில், உளியால் செதுக்கிய 'உ' தெரிந்தது.

"பிள்ளையார் சுழியாக்கும்," என்றார் ஆசாரி.

அடுத்ததில் 'க' இருந்தது. அதற்கடுத்ததில் 'எ'. டீச்சர் குனிந்து பார்த்தார்.

"சுழி இல்ல ஆசாரியே. 'உ'ன்னா ரெண்டு. 'க' ஒண்ணு, 'எ' ஏழு. பழைய தமிழ் நம்பர்."

ஆசாரி எழுந்துபோய்த் தூண்களின் துளைகளில் ஒவ்வொன்றாக விரல்விட்டுத் தடவினார். நான்காவது துளைக்குள், உத்தரத்தில் இருந்த அதே 'உ' தட்டுப்பட்டது.

"மாட்டிட்டா இத ஆரும் பாக்க முடியாதே டீச்சர்," என்றார் மெல்ல. "பிரிச்சுக் கழத்த வாறவனுக்குல்லா அந்தக் காலத்து ஆசாரி எழுதி வச்சிருக்கான்."

விரலை வெளியே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.