தாயன்பே மருந்து

“மனசைத் திடப்படுத்திக்கோங்கம்மா. நான் ஒரு பெரிய உண்மையைச் சொல்லப் போறேன்.”

பெரிய டாக்டர் எதையும் இப்படித்தான் ஆரம்பிப்பார். ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘மைக் டாக்டர்’ என்று பெயர். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால்கூட, முதலில் அதைத் தட்டி ‘ஹலோ, ஹலோ’ என்பார் என்று அவர் தலை மறைந்ததும் நர்சுகள் சிரிப்பார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளுடைய மகள் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

கை கால் தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய் அந்தப் பிள்ளைக்கு. போன வருஷம் ஸ்பூனைத் தூக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது. இன்று தன் தலையைத் தானே வாரிக்கொண்டு வந்திருந்தாள். வகிடு கோணல்மாணலாகப் போயிருந்தது. அம்மா அதைத் திருத்தவில்லை.

“ஒரு வருஷமா எல்லாப் பிள்ளைங்களுக்கும் மாசாமாசம் ஒரு சிரப் பாட்டில் குடுத்தோம். அன்னிக்கே சொன்னேன், ஞாபகம் இருக்கா? பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணி. எந்தப் பாட்டில்ல எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“சொன்னீங்க சார். அன்னிக்கு எங்க யாருக்கும் சோறே இறங்கல.”

“அதான்மா ஆராய்ச்சி! ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். போன வாரம் ரகசியத்தை உடைச்சுப் பாத்தோம்.” கைதட்டலுக்கு இடம் விடுவதுபோல நிறுத்தினார். “எள்ளளவும் வித்தியாசம் இல்ல. மருந்து பாட்டில் வாங்கின பிள்ளைங்களும் கொஞ்சம் தேறியிருக்கு. சர்க்கரைத் தண்ணி பாட்டில் வாங்கின பிள்ளைங்களும் அதே அளவு தேறியிருக்கு. அப்ப மருந்து தண்டம்னுதானே அர்த்தம்?”

அவள் முகம் வெளுத்தது. “தண்டமா? எப்படி சார்? அவ மாடிப்படி ஏறுறாளே!”

போன வாரம் முடிவைப் பார்த்தபோது டாக்டரின் முகமும் இப்படித்தான் வெளுத்தது. மருந்து ஜெயித்த கதையை வெளிநாட்டு மாநாட்டில் முழங்குவதற்காகப் புதுக் கோட்டு தைத்தாயிற்று. ஆனால் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். மருந்து தோற்றால் என்ன? பேச்சின் தலைப்பை மாற்றினால் போயிற்று. ‘தாயன்பே மருந்து!’ கோட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

“அங்கதான் நான் வேற மாதிரி யோசிச்சேன். எல்லாரையும்விட நல்லாத் தேறினது உங்க பொண்ணுதான். அவளுக்கு வந்தது எந்தப் பாட்டில் தெரியுமா?” மேஜை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “சர்க்கரைத் தண்ணி!”

அவள் கதறி அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூ டப்பாவைக்கூட முன்னால் தள்ளி வைத்திருந்தார். அவளோ, பஸ் கொஞ்சம் லேட் என்று கேள்விப்பட்டவள் மாதிரி, “அப்படிங்களா சார்” என்றாள்.

டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவம், படிக்காதவள், விஷயம் புரியவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

“அவளைக் குணமாக்கினது உங்க பாசம்மா! அதை மேடையில என் பக்கத்துல நின்னு சொல்லணும். என்ன செஞ்சீங்க? கதை சொன்னீங்களா? மடியில போட்டுத் தட்டிக் குடுத்தீங்களா?”

“மேடையெல்லாம் இருக்கட்டும் சார். இந்த மாசப் பாட்டில் எப்ப தருவீங்க?”

“இனிமே கிடையாது. மிச்சம் இருந்ததையும் கம்பெனிக்காரங்க நேத்து அழிச்சுட்டாங்க. ஒண்ணுக்கும் உதவாத மருந்தை எவன் செய்வான்?” சொல்லிவிட்டுச் சிரித்தார். “உங்களுக்கென்ன கவலை? உங்க பாட்டில்ல இருந்தது சர்க்கரைதானே. வீட்டுலயே கரைச்சுக் குடுங்க. கூடவே கொஞ்சம் பாசத்தையும் போட்டுக் கலக்குங்க.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்தாள். கதவு வரை போனாள். வெளியே மகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு நர்சுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பி வந்து, உட்காராமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், திட்டாதீங்க. தப்புன்னு தெரியும். அதான் இத்தனை நாளும் எங்கள்ல யாரும் வாயைத் திறக்கல. ஆனா மருந்தை நிறுத்திட்டீங்கன்னா இவ மறுபடி படுத்துருவா சார்.”

“என்னம்மா தப்பு? எந்த மருந்து? உங்களுக்கு வந்தது வெறும்…”

“எந்தப் பிள்ளைக்கு அசல், எந்தப் பிள்ளைக்குத் தண்ணின்னு தெரியாம எந்தத் தாய்க்கு சார் மனசு கேக்கும்? மாசாமாசம் பாட்டில் வாங்கின கையோட நாங்க எல்லாரும் கீழ கை கழுவுற இடத்துல ஒண்ணு கூடுவோம். அத்தனை பாட்டிலையும் ஒரே பாத்திரத்துல கொட்டிக் கலக்கி, எந்தப் பிள்ளையும் விட்டுப்போயிடக் கூடாதுன்னு, ஆளுக்குச் சரிசமமா ஊத்திக்கிட்டுத்தான் சார் வீட்டுக்குப் போவோம்.”