சிரிக்கக் கூடாத வீடு

“சிரிக்காதீங்க. அப்புறம் எனக்கும் வந்துடும்,” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் அவள்.

“வரட்டுமே. இப்ப யாரு தடுக்கப் போறா?” என்றான் அவன்.

கருத்தரிப்பு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகளை மாற்றியிருந்தார்கள். சுவரில் சிரிக்கும் குழந்தைப் படங்கள் மட்டும் பழையவை. இதே இடத்தில்தான் அவளுக்கு முதன்முதலில் செயற்கைக் கருவூட்டல் செய்தார்கள்.

“டாக்டர் கொஞ்ச நேரம் அசையாம படுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். சிரிச்சா எல்லாம் வெளிய வந்துடும்னு சொன்னது உங்க அம்மா.”

“சொன்னது அம்மா. நம்பினது நாம ரெண்டு பேருந்தானே?”

அப்போது ரிசல்ட் வரும்வரை வீட்டில் டிவி போடவில்லை. எங்கே அவள் சிரித்துவிடுவாளோ என்று அவன் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டே வளைய வந்தான்.

“நமக்குள்ள சண்டைன்னு நினைச்சு எதிர்வீட்டு அக்கா பஞ்சாயத்துக்கு வந்தாங்களே!”

“‘தம்பி, பொண்டாட்டிகிட்ட விட்டுக்கொடுத்துப் போ’ன்னு அவங்க ஆரம்பிச்சதுமே நீ கொல்லுனு சிரிச்சுட்ட.”

“நீங்க மட்டும்? தரையில உருண்டீங்க.”

இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் துடைத்துக்கொள்ள நேரம் பிடித்தது.

“அந்தத் தடவை நிக்கல. அன்னிக்குச் சிரிச்சதாலதானோன்னு இன்னும் நினைச்சுப்பேன்.”

“பைத்தியமா உனக்கு? சிரிச்சா எங்கயாவது...” அவன் சுவரிலிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்தான். “எங்க வீட்டுல உன்னைக் குத்தம் சொன்னாங்க. உங்க வீட்டுல என்னைச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நாம எங்க சிரிச்சோம்?”

அந்த வீடும் அந்தச் சிரிப்பும் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தன.

“இந்தத் தடவை கண்டிப்பா நிக்கும். எனக்கென்னவோ தோணுது,” என்றான்.

“உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.”

சிகிச்சை அறைக் கதவு திறந்தது.

“சார், உங்க மனைவி எழுந்துட்டாங்க. மெதுவா கூட்டிட்டுப் போங்க,” என்றாள் நர்ஸ்.

அவன் எழுந்து போய், வாசலில் நின்ற இளம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவள் நாற்காலியிலேயே இருந்தாள். லேபில் சாம்பிள் கொடுத்துவிட்டு வந்த அவளுடைய கணவன், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அடுத்து நாமதான். யாரு அவரு, தெரிஞ்சவரா?”

“ம். முன்னாடி ஒரே வீட்டுல இருந்தோம்.”