சுமைக்கேற்ற ஸ்பிரிங்

“பின்னாடி மொத்தம் எத்தனை கிலோ?” என்று கேட்டார் மெர்வின், வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு.

டிராய் விட்ட குத்தில் மெக்கானிக்கின் முன்பல் ஒன்று போயிருந்தது. அப்போதும் கிழவர் தொழிலை விடவில்லை. “பொய் சொன்னா எனக்கொண்ணும் இல்லீங்க. வால் தொங்கிக்கிட்டுப் போற வண்டியை எந்த போலீஸ்காரனும் சும்மா விடமாட்டான்.”

கூரையில் கூடாரம், பக்கத்தில் தண்ணீர்க் கேன்கள் என்று பார்வைக்கு அது பாலைவனம் சுற்றக் கிளம்பிய வண்டிதான். உள்ளே போர்வைக்கு அடியில் இருந்தவை, விடியற்காலையில் சுரங்க ஆலையிலிருந்து கடத்திய டிரம்கள். தங்கம் கலந்த மண். தடுக்க வந்த காவலாளியின் மண்டையை டிராய் கடப்பாரையால் பிளந்துவிட்டு வந்திருந்தான்.

வரிவரியாய் அரித்துக் கிடந்த செம்மண் சாலையில் அந்தக் கனத்தைத் தாங்காமல் பின்பக்க ஸ்பிரிங் ஒன்று ஒடிந்தது. ஷாக் அப்சார்பர்கள் எண்ணெயைக் கக்கிவிட்டன. ஆஸ்திரேலியப் பாலைவன ஓரத்து லாவர்ட்டன் ஊரைத் தாண்டிவிட்டால் நாள் முழுக்க ஓட்டினாலும் இந்த ஒரு பட்டறைதான்.

“அறுநூறு கிலோ” என்றான் டிராய். “இந்தத் தடியனை வழியில எறக்கிவிட்டா இன்னும் கொறையும்.”

தடியன் என்றது தம்பி கோரியை. வாசலில் துப்பாக்கியோடு சாலையைப் பார்த்து நின்ற கோரிக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்தே அண்ணன் வாயில் அவன் தண்டச் சுமைதான். ஆனால் உலகத்தில் அவனுக்கென்று இருந்ததும் அந்த ஒரு அண்ணன்தான்.

மெர்வின் கம்ப்ரஸரை ஓடவிட்டு நட்டுகளைக் கழற்றினார். தகரக் கொட்டகையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் அவர் திரும்பி ஏதோ கேட்க, டிராய் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான்.

கிழவர் தலையாட்டினார். சுவரில் தொங்கியவற்றில் தடித்த கம்பி ஸ்பிரிங்காக ஒரு ஜோடியை இறக்கி வண்டியோரம் வைத்தார்.

டீசல் பிடிக்கக் கொல்லைப்பக்கம் கிளம்பிய டிராய், போகிற போக்கில் தம்பியின் தோளைத் தட்டினான். “கடைசி போல்ட்டு இறுகினதும் பெருசை முடிச்சிடு. நம்ம மூஞ்சியைப் பார்த்துட்டான்.”

அவன் தலை மறைந்ததும் மெர்வின் கம்ப்ரஸரை நிறுத்தினார். இறக்கி வைத்த ஜோடியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, சற்று மெலிந்த ஜோடி ஒன்றை எடுத்து வந்தார்.

“ஏன்யா மாத்தறே?” என்றான் கோரி.

“மொதல்ல கைமறதியா எடுத்துட்டேன் தம்பி. உங்கண்ணன் சொன்ன கணக்குக்கு இது போதும். தடியா போட்டா வால் தூக்கிக்கும்.”

“என்ன கணக்கு?”

மெர்வின் வேலையிலிருந்து நிமிரவில்லை. “ஒரு ஆளு, அவனுக்குத் தண்ணி, படுக்கை, எல்லாத்தையும் கழிக்கச் சொன்னாரு. இங்கேருந்து போறது ஒருத்தர்தானாமே?”

கோரி துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பினான். “பொய் சொன்னே, இங்கயே சுட்டுப் பொசுக்கிடுவேன்!”

“எப்படியும் என்னைச் சுடத்தானே போறீங்க? பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?”

கொல்லைக் கதவு திறந்தது. ஒரு கையில் டீசல் கேனும், மறு கையில் டீசல் தொட்டியின் பூட்டை உடைத்த கடப்பாரையுமாக டிராய் வந்தான். காவலாளியின் ரத்தம் அதில் காய்ந்து கறுத்திருந்தது.

“என்னை எங்கடா எறக்கிவிடப் போறே?” என்றான் கோரி.

டிராய்க்குச் சிரிப்பு வந்தது. “வெயில்ல மூளை உருகிடுச்சா? இங்கயே எறக்கிட்டாப் போச்சு!” என்று கடப்பாரையை விளையாட்டாக ஓங்கினான்.

கோரி சுட்டான். டிராய் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இரண்டாவது குண்டு கழுத்தில் பாய்ந்த பிறகுதான் அவன் கேனோடு சரிந்தான். சிந்திய டீசலில் ரத்தம் கலந்து ஓடியது.

“அண்ணே!” என்று அலறிக்கொண்டு கோரி மண்டியிட்டான். டிராய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து எதையோ சொல்ல வாயைத் திறந்தான். வெறும் ரத்தம்தான் வந்தது. பிறகு பிடி தளர்ந்தது.

அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல மெர்வின் இரும்புக் குழாயை இறக்கினார். கோரியின் மணிக்கட்டு முறிந்தது. துப்பாக்கி தெறித்து வண்டிக்கடியில் போய் விழுந்தது. அடுத்த அடி முழங்காலில்.

சரக்குக் கட்டும் பட்டையால் அவனை வண்டியின் முன்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வயர்லெஸ்ஸில் போலீஸைக் கூப்பிட்டார் மெர்வின். அவர் திரும்பி வந்தபோது கோரி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருசு” என்றான் விம்மலுக்கிடையே. “உன் மேல எனக்குக் கோவமில்லை. நீ மட்டும் சொல்லலேன்னா, நாளைக்கு இந்நேரம் என்னை டிங்கோ நாய்ங்க தின்னுக்கிட்டிருக்கும். கூடப் பொறந்தவன், எனக்குப் போய் இப்படி நெனைச்சுட்டானே!”

மெர்வின் ஓரத்தில் தள்ளிவிட்ட தடித்த ஸ்பிரிங் ஜோடியைத் தூக்கித் துடைத்துச் சுவரில் மாட்டினார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

“உங்கண்ணன் என் காதுல சொன்னது, ரெண்டு பேரும் போறோம்னுதான் தம்பி.”