மதுரம் டீச்சரின் சிலுவை

இறந்துபோன சபையாரின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் சிவப்பு மையில் சிலுவை போடுவார்கள். விலகிப்போகிறவர்களின் பெயரை நீல மையில் கோடு போட்டு அடிப்பார்கள். அந்த லுத்தரன் சபையில் அதுதான் வழக்கம். கோடு விழுந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மகனுடைய ஜெபவீட்டுக்கு மாறுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார் மதுரம் டீச்சர். பதிவேடு எழுதும் உபதேசியார் ஏசுவடியானுக்குச் சாவை எழுதித்தான் பழக்கம். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து டீச்சர் பெயருக்கு எதிரே சிலுவையைப் போட்டுவிட்டது.

“ஐயையோ டீச்சர்! பிளேடு வச்சுச் சுரண்டிடுறேன்.”

டீச்சர் குனிந்து பார்த்தார். சட்டென்று உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

“இருக்கட்டும் உபதேசியாரே. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு இடம் விட்டுத்தான கல்லறை கட்டியிருக்கு.”

“போதகர் ஐயா பார்த்தா நான் என்னத்தச் சொல்லுவேன்? சிலுவை போட்டா மணி வேற அடிக்கணுமே!”

“அடிங்க. கேட்டுட்டே போறேன்.”

உபதேசியார் மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரே ஒரு அடிதான் அடித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்.

“யாரு உபதேசியாரே, யாரு தவறிட்டாங்க?”

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கோயில் வாசலுக்கு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் வாயையே பார்த்தபடி நின்றிருந்தார்.