ஏப்ரல் பெட்ரோல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். வெர்னின் கராஜில், பனி வாரும் மெஷின் முன்னால் பக்கத்து வீட்டு ஓனி மண்டியிட்டிருந்தார்.

சோக் போட்டால் ஓடியது. எடுத்தால் இருமி நின்றது.

வாசலில் இடுப்பளவு பனி. சாலையைச் சுத்தம் செய்த லாரி அதன்மேல் இன்னொரு மேட்டைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. எட்டு மணிக்கு ஹாங்காக் ஆஸ்பத்திரியில் வெர்னின் மனைவிக்குக் கண் ஆபரேஷன்.

ஓனி கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்தார். வார்னிஷ் வாடை. அவர் கை அப்படியே நின்றது.

"பழைய பெட்ரோல்," என்றார், தரையைப் பார்த்தபடி. "கோடை முழுக்க உள்ளேயே கெடந்து அடைச்சிருக்கு."

"மார்ச்ல ஃப்ளோரிடா கிளம்பறதுக்கு முன்னாடி சொட்டு விடாம காலி பண்ணேனே!" வெர்ன் மருமகன் பக்கம் திரும்பினார். வேலை போனதிலிருந்து ஒரு வருஷமாக பிரெண்ட் மாமனார் வீட்டில்தான் இருந்தான். "யாருடா ஊத்தினது?"

பிரெண்ட் கொஞ்சம் யோசித்தான். "நான்தான் மாமா."

"கேட்டியா ஓனி? என் பொண்ணு ஒரு மண்வெட்டியைக் கட்டியிருந்தா வாசலாவது சுத்தமா இருக்கும்!"

ஓனிக்குக் கூசியது. கிண்ணத்தைத் துடைத்தார், ஊசியால் துளையைக் குத்தினார், டேங்கில் இருந்ததை வாளியில் வடித்தார்.

"புதுசை ஊத்துப்பா."

கேனைத் தூக்கிய பிரெண்ட் மெஷினில் ஒரு மூடியைத் திருகினான். ஓனி அவன் கையைப் பிடித்தார். "அது ஆயில் ஊத்தற வாய்."

"கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் வெர்ன்.

மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. சோக்கை எடுத்த பிறகும் சீராக ஓடியது. மனைவியைக் கிளப்ப வெர்ன் உள்ளே போனார்.

ஓனி எழுந்திருக்கவில்லை. "பிரெண்ட், நான் உள்ள போய் வெர்ன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம். அவர் ஊர்ல இல்லாதப்போ ஏப்ரல் பனிக்கு நீங்க இதை எடுத்துட்டுப் போனீங்க. இரவலைத் திருப்பித் தர்ற முறைப்படி டேங்கை நிறைச்சு வெச்சீங்க. மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன்."

ஓனி எழுந்து வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"என்னைத் திட்டினது மத்தியானமே அவருக்கு மறந்துடும். உங்களோட பேச்சை நிறுத்திட்டார்னா, இந்தத் தெருவுல அவருக்கு வேற யாரு இருக்கா?"